சகலனின் படத்தைச் சுருக்கியவர்

ஒருவர் ஒரு விதியை இம்மியும் பிசகாமல் காப்பாற்றுகிறார். அதே கையால், எதிரில் நிற்பவன்மேல் உள்ள வெறுப்பையும் தீர்த்துக்கொள்கிறார். அப்படியானால் அங்கே நடந்தது நியாயமா, பழிவாங்கலா? வெறுப்பே இல்லாத ஒருவர் அந்த நாற்காலியில் இருந்தாலும் அதே தீர்ப்பைத்தான் சொல்லியிருப்பார். பிறகு வெறுப்பு எதைக் கெடுத்தது? சாய்ந்தமருது இரும்புக்கடை ஹாதிக்கை அறிந்தவர்கள் இவ்வளவு தூரம் யோசிக்கவில்லை. "அந்தாள்ட நெஞ்செல்லாம் நஞ்சி" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

ஹாதிக் பெரிய படக்காரர் அல்ல. கடல், தோணி, விடியல் என்று எல்லாரும் எடுப்பதையே அவரும் எடுத்தார். தேறுவது ஒன்றே ஒன்று. ஆற்றுக்குக் குறுக்கே போகிற கிட்டங்கித் தாம்போதியை, அந்தத் தாழ்ந்த பாலத்தை, வெள்ளம் மூடிய நாளில், சவளக்கடைப் பக்கம் போக வேண்டிய ஆசிரியைகள் ட்ரக்டர் பெட்டியில் குடைபிடித்து நின்றபடி ஆற்றைக் கடக்கிற படம். மற்றப்படி கல்முனைப் படக் கழகத்தில் அவருக்கு இருந்த மரியாதை படத்தால் வந்ததல்ல. அவர் போட்டிச் செயலாளர். வருகிற படங்களையெல்லாம் கணினியில் திரைக்கு ஏற்ற அளவுக்குச் சுருக்குகிற வேலை அவருடையது.

அகலம் ஆயிரத்து அறுநூறு புள்ளிக்கு மேல் போகக் கூடாது, உயரம் ஆயிரத்து இருநூறுக்கு மேல் போகக் கூடாது, ஒரு பக்கமாவது எல்லையைத் தொட வேண்டும். இவ்வளவுதான் விதி. நிமிர்த்தி எடுத்த படம் உயரத்தில் முட்டிக்கொள்ளும். திரையில் ஒடுங்கித் தெரியும். ஒவ்வொரு வருடமும் இதற்கு ஒரு சண்டை நடந்தது.

"என்ட படத்த ஏன் இப்பிடி ஒடுக்கின?"

"நீங்க நிமித்தி எடுத்தா நான் திரையையும் நிமித்தவா?"

ஒருமுறை கலியாணப் படம் எடுக்கிற ஒருவர், திரை நிரம்பட்டும் என்று மாப்பிள்ளையைப் பக்கவாட்டில் இழுத்து அனுப்பிவிட்டார். மாப்பிள்ளை இரண்டு மடங்கு பருத்துப்போனார். சபை நடுவில் அதைத் திரையில் போட்டு ஹாதிக் சொன்னார்: "மாமி ஒரு வருசம் ஆக்கிப் போட வேண்டிய சோத்த, நம்மட ஆள் ஒரே அமத்தில தீத்திட்டார்." எல்லாரும் சிரித்தார்கள். அந்த மனிதர் அதற்குப் பிறகு கழகத்துக்கு வரவில்லை.

சிரிப்பில் கலந்துகொள்ளாத ஒருவன் இருந்தான். நிப்றாஸ், ஹாதிக்கின் சகலன். ஹாதிக்கின் மனைவி றுஸ்னாவும் நிப்றாஸின் மனைவி நஸ்லாவும் உடன்பிறந்தவர்கள். அந்தப் பக்கத்து வழக்கப்படி மாமி தன் வளவை இரண்டாகப் பிரித்து இரண்டு மகள்மாருக்கும் வீடு கட்டிக் கொடுத்தார். மருமகன்மார் இருவரும் தத்தம் பெட்டியோடு வந்து குடியேறினார்கள். நிப்றாஸ் தன் மலசலகூடக் குழியை ஹாதிக்கின் சோறாக்குகிற குசினி ஜன்னலுக்கு நேராக வெட்டியதிலிருந்து சகலன்மார் இருவரும் வளவில் கதைப்பதில்லை. கதைக்க வேண்டியதைக் கழகத்தில் வைத்துக்கொண்டார்கள்.

கழகத்தில் நிப்றாஸ் ஒருநாள் எழுந்து நின்றான். "படத்தச் சுருக்கினா கொஞ்சம் மங்கும். மறுகா கூராக்கணும். எல்லார்ட படத்தயும் கூராக்கிற ஹாதிக் காக்கா என்ட படத்த மட்டும் மங்கலா உடுறார். எங்கட படத்தில அவர் கைவைக்க வேணா." கதைக்காவிட்டாலும் மூத்த சகலனை அவன் காக்கா, அண்ணன், என்றே சொல்வான்.

தலைவர் றவூப், பல் டாக்டர், சண்டை பிடிக்காதவர். இனி அவரவர் படத்தை அவரவரே சுருக்கி அனுப்பட்டும், ஹாதிக் அளவைச் சரிபார்த்தால் போதும் என்று முடித்துவிட்டார்.

"அப்ப எப்பிடிச் செய்யிறண்டு ஒருக்காச் சொல்லித் தாங்களன்" என்று யாரோ கேட்டார்கள்.

"கைவைக்க வேணா என்டீங்கதானே. உங்கட கையாலயே செய்ங்க" என்றார் ஹாதிக்.

அவர் சொல்லிக் கொடுக்காமல் விட்டது சின்ன விஷயம்தான். முதலில் ஒரு நகல் எடு, நகலைச் சுருக்கு, மூலத்தைத் தொடாதே. அவருக்கு அது மூச்சுவிடுகிற மாதிரிப் பழக்கம். முன்பு உறுப்பினர்கள் கொடுத்த எல்லாப் படங்களின் மூலமும் அவருடைய கணினியில் அப்படியே கிடந்தன.

நிப்றாஸ் நகல் எடுக்கவில்லை. ஃபேஸ்புக்கில் போடுவதற்காக ஒரு படத்தை எண்ணூறு புள்ளிக்குச் சுருக்கினான். அதே பெயரில் சேமித்தான். மூலம் போய்விட்டது. அது அவன் வாப்பாவின் படம். சம்மாந்துறை வயலில் அறுவடை மெசினுக்குப் பின்னால், சால்வையால் மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு அப்துல் கபூர் நிற்கிறார். பதர்த் தூசு வெயிலைப் பிடித்து வைத்திருக்கிறது. தெரிவது இரண்டு கண்கள் மட்டும்தான். படம் அழிந்தது அவன் கவனத்துக்கு வந்தபோது வாப்பா மௌத்தாகி அடக்கமும் முடிந்திருந்தது. வேறு படங்கள் இருந்தன, எல்லாம் அடையாள அட்டைக்கு எடுத்த முகங்கள்.

அந்த வருடம் கழகத்தின் பத்துப் படங்கள் கொழும்பில் ஒரு மண்டபத்தில், ஆளுயரத்துக்கு அச்சடித்து மாட்டப்படவிருந்தன. நிப்றாஸுக்கு வாப்பா அங்கே தொங்க வேண்டும். அவனுக்கு வேறு சுவர் இல்லை. வீட்டில் ஆட்களின் படம் மாட்டினால் மலக்குமார் எனும் வானவர்கள் வரமாட்டார்கள் என்று மாமி ஒரு ஆணிகூட அடிக்க விடமாட்டார். எண்ணூறைப் பெருப்பித்துப் பார்த்தான். வாப்பாவின் கண் சதுரம் சதுரமாக உடைந்தது.

நஸ்லா வந்து தன் ராத்தா றுஸ்னாவிடம் அழுதாள். றுஸ்னா வந்து புருஷனிடம் கேட்டாள். "அந்தக் காலத்தில அவர் உங்களுக்கிட்டத் தந்தாராமே. இரிக்கா?"

"எல்லாம் அழிச்சிட்டன்" என்றார் ஹாதிக், திரும்பாமல்.

றுஸ்னா அவருடைய பிடரியைப் பார்த்து, "அது மௌத்தான ஒரு மையித்துட படம்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போன பிறகு அவர் படத்தைத் திறந்தார். முழு அளவில் இருந்தது. தான் எடுத்த எந்தப் படத்தையும்விட இது நல்லது என்பது அவருக்கு அன்று புதிதாகத் தெரியவில்லை. பக்கத்தில், அந்தக் காலத்தில் போட்டிக்காக அவரே சுருக்கிய நகலும் கிடந்தது. அதையும் திறந்து பார்த்தார். மங்கலாகத்தான் இருந்தது. மற்றவர்களின் படங்களைச் சுருக்கியபின் கொடுக்கிற கூர்மையை இதற்கு அவர் கொடுத்திருக்கவில்லை. மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா? கூராக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை.

தேர்வு நாளில் நிப்றாஸ் எண்ணூறு புள்ளிப் படத்தையே அனுப்பியிருந்தான். பெரிய கறுப்புத் திரையின் நடுவில் அப்துல் கபூர் ஒரு முத்திரை அளவில் நின்றார்.

"எங்க, ஆளக் காணல்ல. கண்ணாடி கொண்டாங்க" என்றது ஒரு குரல்.

"ரெண்டு பக்கமும் எல்லையைத் தொடல்ல. தகுதியில்ல" என்றார் ஹாதிக்.

நிப்றாஸ் எழுந்தான். "நான் கேட்டு அனுப்பினன்தானே. வச்சிக்கிட்டே இல்லண்டு சொல்றீங்க. உங்களுக்கு அல்லாஹ்ட பயம் இல்லயா?"

"எனக்கு இருக்கிற பயத்த நீ அளக்க வேணா. உன்ட படத்த அள."

"குழிய மூடிடுறன் காக்கா. அதுக்குத்தானே இவ்வளவும்?"

சபையில் சிரிப்பு எழுந்தது. ஹாதிக்கின் முகம் கறுத்தது. "அடுத்த படம்" என்றார்.

நடுவர் பத்துப் படங்களைத் தெரிவுசெய்தார். அதில் கிட்டங்கி வெள்ளப் படமும் ஒன்று. கழகத்தில் சேர்ந்து இத்தனை காலத்தில் ஹாதிக்கின் படம் கொழும்புக்குத் தேறியது அதுவே முதல்முறை. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். ஆணி வாங்க வந்தவருக்குக்கூட கைப்பேசியில் காட்டினார். பத்துப் படங்களின் மூலங்களையும் அச்சுக்கு அனுப்பும் பொறுப்பு அவருடையதுதான்.

கண்காட்சிக்குக் கழகத்தார் வேன் பிடித்துப் போனார்கள். ஹாதிக் போகவில்லை. மண்டபத்தில் பத்துப் படங்கள் இருந்தன. வெள்ளமும் இல்லை, குடைபிடித்த ஆசிரியைகளும் இல்லை. அந்த இடத்தில் பதர்த் தூசுக்குள் அப்துல் கபூர் ஆளுயரத்துக்கு நின்றார். கீழே நிப்றாஸின் பெயர் இருந்தது. நிப்றாஸ் அதன் முன்னால் நின்றவன் அசையவில்லை என்றும், கடைசியில் றவூப்தான் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டிவந்தார் என்றும் சொன்னார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் நிப்றாஸ் வந்து நின்றான்.

"ஆணியா, கம்பியா?" என்றார் ஹாதிக்.

"அழிச்சிட்டன் என்டு பொய் சொன்னீங்க."

"ஓம்."

"அப்ப மூலத்தத் தாங்க காக்கா."

"தர ஏலா."

"அது என்ட வாப்பா!"

"வாப்பாண்டு தெரிஞ்சிதானே சுருக்கி அமத்தின. சாமான் வாங்கல்லண்டா வழிய உடு, ஆக்கள் நிக்காங்க."

நிப்றாஸ் தராசுத் தட்டைத் தட்டிவிட்டுப் போனான். ஆணிகள் நிலமெல்லாம் சிதறின.

மாலையில் றவூப் வந்தார். அவருக்குக் கோபப்படத் தெரியாது; அன்று முயற்சி செய்தார். "தகுதியில்லண்டு நீங்கதான் தள்ளினீங்க. நடுவர் எடுத்த படத்தத் தூக்கிட்டு அத அனுப்பினதும் நீங்கதான். எந்த விதியில செஞ்சீங்க?"

"எந்த விதியிலயும் இல்ல" என்றார் ஹாதிக். குனிந்து, காலையில் சிதறியதில் மிஞ்சிய ஆணிகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

"சரி, அனுப்பினதுதான் அனுப்பினீங்க. அந்தப் பொடியனுக்கு மூலத்தக் குடுத்தா என்ன?"

ஹாதிக் இரண்டு அங்குல ஆணிகளை ஒரு பெட்டியிலும் மூன்று அங்குல ஆணிகளை இன்னொன்றிலும் போட்டார். அந்தக் கிழமையே செயலாளர் பதவியை விட்டார், கழகத்தின் படங்களையெல்லாம் றவூப்பிடம் ஒப்படைத்தார். அறுவடை வயலில் நிற்கிற அப்துல் கபூரை மட்டும் ஒப்படைக்கவில்லை. றுஸ்னா கேட்டாள், மாமி கேட்டார். யாருக்கும் அவர் காரணம் சொல்லவில்லை, கொடுக்கவுமில்லை.