பீரோவைக் காலி செய்துவிட்டுப் போன கோமதி மதினி

செய்தி வந்தபோது நான் டவுனில் ஒரு சைக்கிள் கடை வாசலில் நாலு பேரை நிறுத்திவைத்துப் பேசிக்கொண்டிருந்தேன். போனை எடுப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்று விடிந்ததிலிருந்தே வெயிலின் நிறம் சரியில்லை. நான் வாய்விட்டு "மதினி" என்று சொன்ன பிறகுதான் மணியே அடித்தது. கூட நின்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள். பேசியது அண்ணன் மகள் வடிவு. "அம்மா போயிட்டா சித்தப்பா" என்றாள்.

பதினாறாம் நாளுக்கு அச்சடிக்கும் நினைவு மலரில் மதினியைப் பற்றி யார் எழுதுவது என்று கேட்டபோது, குடும்பத்தில் பெரிய படிப்புப் படித்தவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் நான் எழுதிக் கொடுத்த வாழ்த்து மடலைக் கேட்டு ஒரு கலெக்டரே கண் கலங்கியிருக்கிறார். அதை விடுங்கள், மதினிக்கு வருவோம்.

அண்ணனைக் கட்டிக்கொண்டு தச்சநல்லூர் வீட்டுக்கு வந்த நாளிலேயே அவர்கள் கையில் ஒரு பூத்தையல் வளையம் இருந்தது. தாலி ஏறும்போதும் மடியில் அது இருந்தது. பக்கத்தில் நின்றவன் நான். கைவேலையில் அவர்கள் தொடங்காதது எதுவும் கிடையாது, முடித்ததும் கிடையாது. பாதியில் நின்ற ஒயர் கூடை, ஒரு கை மட்டும் பின்னிய ஸ்வெட்டர், சாக்குத் துணியில் மூக்கில்லாத ஒரு கிளி. எல்லாம் மூட்டை மூட்டையாகப் பரணுக்குப் போயின.

"ஏலே, உங்க மதினி கிளிக்கு மூக்கு வைக்கதுக்குள்ள நான் ரிட்டயர் ஆயிருவேன்" என்பார் அண்ணன்.

"மூக்கு வச்சா அதுவும் உங்க தம்பி மாதிரி பேச ஆரம்பிச்சிரும். அதான் வைக்கல்ல" என்பார்கள் மதினி.

அண்ணன் அறுபதைத் தாண்டவில்லை. சாம்பல் கரைக்கும் நாளில் அவர் துணிகளையும் ஆற்றில் விட வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டார்கள். நம் பக்கத்து வழக்கம் அது. அழுதுகொண்டிருந்த மதினி முகத்தைத் துடைத்துவிட்டு எழுந்தார்கள்.

"குறுக்குத்துறையில குளிக்கப் போனா செத்தவுக வேட்டியும் சேலையும் கால்ல வந்து சுத்துது. அவுகளை அப்படி ஊரார் கால்ல சுத்த விடமாட்டேன்."

பேருக்கு ஒரு துண்டைக்கூடக் கொடுக்கவில்லை. சட்டை, வேட்டி அத்தனையும் பீரோவுக்குள் போயின. இறந்தவர் துணியை வீட்டில் வைத்தால் ஆகாது என்று பேசினவர்களை நான் பேசிய பேச்சில் ஒரு வருடம் ஒருத்தரும் அந்தத் தெருப்பக்கம் வரவில்லை.

போன வருடம் மதினியின் வயிற்றில் கட்டி இருப்பதாக டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "கொழுந்தப்பிள்ளை, பரண்ல கெடக்க மூட்டையெல்லாம் எறக்குங்க. நான் போன பெறவு வடிவு வந்து ஒவ்வொண்ணா அவுத்துப் பாத்து அழுதுக்கிட்டு கெடப்பா. அவளுக்கு அந்த வேலைய வைக்கக்கூடாது" என்றார்கள்.

அன்று தொடங்கியது. கூடை முடிந்து பக்கத்து வீட்டுக்குப் போயிற்று. கிளிக்கு மூக்கு வந்தது. ஸ்வெட்டரைப் பிரித்து நூலாக்கி, மலை ஊருக்கு மாற்றலாகிப் போன ஒரு டீச்சரிடம் கொடுத்தார்கள். அடுத்து அண்ணன் துணி. சட்டைகளைக் கட்டம் கட்டமாக வெட்டி இணைத்து, உள்ளே பழைய வேட்டியை இரண்டு மடிப்பாக வைத்து, பச்சைப்பிள்ளையைக் கிடத்துகிற அளவுக்குச் சின்னச் சின்ன விரிப்புகள் தைத்தார்கள். மெஷினில் ஓட்டிய பிறகும் நடுவில் கையால் ஓட்டத் தையல் போடுவார்கள், துவைத்தால் உள்துணி சுருளக் கூடாதாம். ஊசியில் நூல் கோத்தது நான். இந்த வயதிலும் கண்ணாடி இல்லாமல், ஒரே குத்தில்.

விரிப்புகளை வெந்நீரில் அலசி, காய வைத்து, பிரசவ வார்டுக்குக் கொண்டுபோனோம். அங்கே ஏரலிலிருந்து மகள் பிரசவத்துக்கு வந்து, கையில் பேரப்பிள்ளையோடு நின்ற ஓர் அம்மாள், விரிப்பைத் திருப்பிப் பார்த்து, "இது யார் துணி?" என்றாள். நிறைந்த வயதில் போனவர் பழந்துணியில்தான் பிள்ளையை முதலில் கிடத்துவார்கள். பாதியில் போனவர் துணியைத் தொடவே மாட்டார்கள். மதினிக்குப் பொய் வராது. முகம் வெளிறிப்போய் என்னைப் பார்த்தார்கள்.

"எங்க அண்ணாச்சி துணிம்மா" என்றேன். "நூத்தி ரெண்டு வயசு. ஒரு பல்லு விழல்ல. போறதுக்கு மொத நாளு ஆத்துல அக்கரைக்கு நீந்திட்டு வந்தாக."

அந்த அம்மாள் விரிப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிள்ளையை அதில் கிடத்தினாள்.

திரும்பும்போது ஆட்டோ வண்ணார்பேட்டையைத் தாண்டியதும் மதினி என் பக்கம் திரும்பினார்கள். "நூத்தி ரெண்டா?" என்றார்கள்.

"ஏன் மதினி, கூடிப்போச்சா?"

"இல்ல. இன்னும் கொஞ்சம் கூட்டியே சொல்லியிருக்கலாம்" என்று முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள்.

அண்ணன் துணி தீர்ந்த பிறகும் மெஷின் நிற்கவில்லை. தம் சேலைகளை வெட்ட ஆரம்பித்தார்கள். பட்டு, பிள்ளைக்கு உறுத்தும் என்று அதை ஒரு கல்யாண வீட்டுக்குக் கொடுத்தார்கள். உடம்பு மெலிந்து நைட்டிக்கு மாறிய பிறகு கடைசி நூல் சேலைகளும் விரிப்பாயின. "இப்பந்தான் வீடு வீடா இருக்கு" என்றார்கள். தைத்து முடித்த அந்த வாரத்திலேயே படுத்துவிட்டார்கள்.

சாம்பல் கரைக்கப் புறப்பட்டபோது, ஆற்றில் விட அம்மாவின் சேலை ஒன்று கொண்டுவரும்படி பெரியவர்கள் வடிவிடம் சொன்னார்கள். வடிவு பீரோவைத் திறந்தாள். தட்டுகளில் செய்தித்தாள் விரித்திருந்தது. அதன்மேல் அந்துருண்டைகள். வேறெதுவும் இல்லை. மருந்து வாடை அடித்த நைட்டிகளை முந்தின நாளே யாரோ குப்பைக்கு அனுப்பிவிட்டார்கள். "புண்ணியவதி, ஒருத்தருக்கும் பாரம் வைக்கல்ல" என்றார்கள் உறவினர்கள். வடிவு பீரோ முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"ஒரு சேலையாவது வச்சிருக்கலாம்லா சித்தப்பா. மோந்து பாக்கக்கூட ஒண்ணுமில்லையே."

"உங்க அம்மா சேலையில ஏரலு வரைக்கும் பிள்ளைக ஒண்ணுக்கு இருந்துட்டு உறங்குதும்மா" என்றேன், சிரிப்பாள் என்று நினைத்து.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எந்தப் பிள்ளை? பேரென்ன? என்னைக் கூட்டிட்டுப் போங்க சித்தப்பா."

எதைக் கேட்டாலும் பேரும் ஊரும் சொல்லுகிறவன் நான். அன்று வாய் வரவில்லை. நாங்கள் ஒரு பிள்ளையின் பேரையும் கேட்டு வைக்கவில்லை.

ஆற்றில் சாம்பலை மட்டும் கரைத்தோம். எல்லோரும் கரையேறிய பிறகும் வடிவு முழங்கால் தண்ணீரில் வெறுங்கையோடு நின்றுகொண்டிருந்தாள்.

மதினி, பிள்ளை அழக் கூடாது என்றுதான் எல்லாவற்றையும் முடித்தீர்கள். அவள் அழுகிறாள். அருகில் நான் இருக்கிறேன். நீங்கள் அண்ணனிடம் பைய நடந்து போய்ச் சேருங்கள்.