கதவு வைக்காத சுண்ணாம்பு வீடு

எங்கள் அப்பா தினமும் பல் தேய்த்த கையோடு கான்கிரீட் கலக்கும் மிஷினை ஓட விடுவார். உள்ளே சிமென்ட் இருக்காது, மணல் இருக்காது. ஒரு வாளித் தண்ணீரும் நாலைந்து கூழாங்கல்லும்தான். அது கடகடவென்று சுற்றும் சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்கும். வீடு கட்டித் தருகிற தொழில் படுத்துவிட்டது என்று ஊர் பேசிவிடக் கூடாது, காரணம் அவ்வளவுதான். அம்மா கேட்டால் மட்டும், "ஓட்டாம வச்சா துருப்பிடிக்கும்" என்பார்.

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தபால்காரர் இருக்கிறார். அந்தச் சத்தத்தில்தான் அவருக்குப் பொழுது விடியும். கையில் டம்ளரோடு வாசலுக்கு வந்து, "இன்னிக்கு எந்த சைட்டு?" என்று கேட்பார்.

"ரெண்டு மூணு இருக்கு. பாக்கணும்" என்பார் அப்பா. அப்புறம் உட்கார்ந்து பார்ப்பார், பேப்பரை.

சும்மா சுற்றுகிற மிஷினைச் சும்மா விடுவானேன் என்று ஒருநாள் அதற்குள் போர்வையையும் சோப்புத்தூளையும் போட்டேன். அழுக்கு போனது. போர்வையிலும் பாதி போனது. மீதிப் பாதியை அம்மா என் முதுகில் துவைத்தாள். பத்தாம் வகுப்பில் கணக்கும் நானும் ஒருவரை ஒருவர் கைவிட்ட பிறகு நான் வீட்டில்தான் இருந்தேன். ஊரில் என்னை 'வாலு' என்று கூப்பிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் எனக்கே சட்டென்று ஞாபகம் வராது.

அந்த வருஷம் ஊரில் பாதி கட்டின வீடுகள் எல்லாம் கழுத்தளவில் நின்றுவிட்டன. நிமிர்ந்தே பார்க்காத சிமென்ட் கடைக்காரர், தெருவில் போகிறவர்களை நாற்காலி போட்டு உட்கார வைத்தார். செங்கல் சூளைக்காரர் தானே போன் பண்ணி அப்பாவின் முட்டி வலியை விசாரித்தார். அப்பாவுக்கு முட்டியில் வலியே கிடையாது.

அப்பாவின் கம்பெனி என்பது அப்பா, கொத்தனார், அந்த மிஷின் மூன்றும்தான். சித்தாள் வேலைக்கு வந்துகொண்டிருந்த அக்கா தீப்பெட்டி ஆலைக்குப் போய்விட்டார். அப்பா பேசுவார், கொத்தனார் கட்டுவார். அப்பா தன் கையால் கட்டிய ஒரே சுவர் எங்கள் கோழிக்கூட்டின் சுவர். கோழிகள் இன்னும் மரத்தில்தான் தூங்குகின்றன.

ஆனால் ஒரு விஷயத்தில் அப்பாவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. காகிதத்தில் படம் போட மாட்டார். மனையிலேயே, வீடு எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாக, சுண்ணாம்புத் தூளால் கோடு போடுவார். சுவர் வருகிற இடமெல்லாம் வெள்ளைக் கோடு. கதவு வருகிற இடத்தில் மட்டும் கோடு இருக்காது. வீடு கட்டப்போகிறவர்கள் ஒரு சாயங்காலம் முழுக்க அந்தச் சுண்ணாம்பு வீட்டில் குடியிருந்து பார்த்த பிறகுதான் கடப்பாரை மண்ணில் இறங்கும். முன்பு ஒரு தடவை குண்டான ஒருவருக்குக் கட்டிக்கொடுத்த குளியலறையில் கதவைத் திறந்தால் அது அவர் தொப்பையிலேயே இடித்தது. மனிதர் பின்பக்கமாகவே உள்ளே போய், பின்பக்கமாகவே குளித்தார். அதற்கப்புறம் வந்த சட்டம் இது.

குடியிருக்க நாற்காலி, கட்டில், அடுப்பு எல்லாம் எங்கள் வீட்டிலிருந்து போகும். "நம்ம வீட்டுக் கட்டில் பாக்காத மனை ஊர்ல இல்ல" என்பாள் அம்மா, தரையில் உட்கார்ந்துகொண்டு.

சட்டத்தில் முக்கியமான பிரிவு ஒன்று உண்டு. கோட்டைத் தாண்டக் கூடாது. கோடு என்றால் சுவர். தாண்டினால் அப்பா சத்தம் போட மாட்டார். கண்ணை மூடிக்கொண்டு, "சுவத்துல இடிச்சிட்டீங்க" என்று நிஜமாகவே வலித்தவர் மாதிரி சொல்வார். அந்த முகத்தைப் பார்த்தவர்கள் மறுபடி தாண்ட மாட்டார்கள். சினிமா பார்த்துவிட்டுக் குறுக்கு வழியில் வருகிறவர்கள்கூட சுண்ணாம்பு வீடு வந்தால் முன்கதவு வழியாக நுழைந்து பின்கதவு வழியாகப் போவார்கள்.

அந்த வருஷம் அப்பாவிடம் மிச்சமிருந்த ஒரே வாடிக்கை தையல்காரர். எங்கள் வீட்டை ஒட்டிய காலி மனை அவருடையது. முதலில் போட்ட கோட்டில் மூன்று அறை, பெரிய கூடம், சமையலறை, வெளியே ஒரு தையல் கூடம் எல்லாம் இருந்தன. தையல்காரரின் மனைவி கையை வீசிக்கொண்டு நடந்தார். கதவு எந்தப் பக்கம் என்பதில் மட்டும் அவருக்கு முடிவே வரவில்லை. ஒருநாள் இந்தப் பக்கம் என்பார், மறுநாள் அந்தப் பக்கம் என்பார். நான் சுண்ணாம்பு வாளியோடு பின்னாலேயே போய்க் கதவை மூடி மூடித் திறந்தேன்.

அப்புறம் வீடு இளைக்க ஆரம்பித்தது. புதுத் துணி எடுப்பவர்கள் இல்லை, பழைய சட்டைக்குக் காலர் திருப்பத்தான் வருகிறார்கள் என்று தையல்காரர் வந்து சொன்னார். ஒரு அறை போனது. அடுத்த தடவை, "யாரு விருந்தாளி வர்றா?" என்றார். கூடம் போனது. பிறகு தையல் கூடம். ஒவ்வொரு முறையும் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் கோட்டை அழிப்பார், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி. கடைசியில் ஒரே ஒரு அறை மிஞ்சியது. அதன் மூலையில் அடுப்புக்கு ஓர் இடம், ஓரத்தில் எங்கள் கட்டிலும் நாற்காலியும்.

நடுவில் ஒருநாள் நான் வேறு குசும்பு பண்ணினேன். அந்த அறைக்கு நட்டநடுவில் ஒரு சின்னச் சதுரம் போட்டு வைத்தேன். தையல்காரர் வந்தவர், அது என்னவென்று யாரையும் கேட்காமல், சுற்றிச் சுற்றியே நடந்தார். அளவு தப்பினால் துணி போச்சு என்று பழகிய மனிதர். எது கோடாக இருந்தாலும் அவருக்கு மரியாதை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் மாமா பையோடு வந்து நின்றார். நகரத்தில் பெரிய கம்பெனி ஒன்றில் டைல்ஸ் ஒட்டும் வேலை கிடைத்திருந்தது. மதியம் பஸ். அவர் போனால் அப்பாவிடம் மிஞ்சுவது சுண்ணாம்பும் சத்தமும்தான். அது அப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"நல்ல கம்பெனியா?" என்றார் அப்பா.

"பெரிய கம்பெனிங்க."

"சாப்பாடு?"

"கேன்டீன் இருக்காம்."

"அப்ப நல்லதுதான்" என்றார் அப்பா. போகாதே என்கிற ஒரு வார்த்தை தொண்டை வரை வந்து அங்கேயே கட்டில் போட்டுப் படுத்துவிட்டது தெரிந்தது. மிஷினின் கைப்பிடியைத் துடைத்தார். ஏற்கெனவே துடைத்ததுதான்.

மாமா பைக்குள் கைவிட்டுத் தன் தூக்குக்குண்டை எடுத்தார். சுவர் நேராக இருக்கிறதா என்று கயிற்றில் தொங்கவிட்டுப் பார்க்கிற இரும்புக் குண்டு அது. "டைல்ஸ் ஒட்ட இது வேணாம். நீங்க வச்சுக்கோங்க."

"எனக்கு எதுக்குய்யா? கோழிக்கூட்டுக்கா?"

"கோழிங்க உங்கள மன்னிச்சு ரொம்ப நாளாச்சு" என்றார் மாமா. இருவரும் சிரித்தார்கள். பிறகு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அப்போதுதான் தையல்காரரும் மனைவியும் வந்தார்கள். அவர் தெருவிலேயே நின்றுகொண்டார். முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது, மிச்சமிருந்த அறையையும் அழிக்கச் சொல்ல வந்திருக்கிறார்.

"அண்ணே, நிலைமை கொஞ்சம் சரியாகட்டும், அப்புறமா..."

"உள்ள போய்ச் சொல்லுங்க" என்றார் அவர் மனைவி. "இத்தனை நாள் குடியிருந்த வீடு. தெருவுல நின்னு வேணாம்னா நல்லாவா இருக்கு?"

அவர் யோசித்தார். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். கதவு இடைவெளி வழியாக, தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துகொண்டு, அறைக்குள் போனார். மனைவியும் போனார். அவர்கள் முதுகு திரும்பியதும் நான் வாளியோடு போய் அந்த இடைவெளியில் ஒரு கை சுண்ணாம்பை நீளமாக விட்டேன். வேலை முடிந்தது.

சொல்ல வந்ததைச் சொல்லி முடித்து, "அப்ப நாங்க வர்றோம்" என்று திரும்பிய தையல்காரர் நின்றார். இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். "கதவு எங்க?"

அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கு இன்னொரு நாளாக இருந்தால் நான் மரத்தில் கோழிகளோடு இருந்திருப்பேன். ஆனால் தன் சட்டத்தைத் தானே உடைக்க அவருக்கு மனசு வரவில்லை. எதிர்வீட்டுத் தபால்காரர் நாற்காலியை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார்.

தையல்காரர் ஒரு காலைத் தூக்கினார்.

"சுவருங்க" என்றார் மனைவி. "இடிச்சுக்காதீங்க."

கால் கீழே இறங்கியது.

"ஏம்மா வாலு, திற" என்றார் என்னிடம்.

"எந்தப் பக்கம் மாமா? அதான் இன்னும் முடிவாகலையே."

அந்த அம்மா எங்கள் கட்டிலில் போய் உட்கார்ந்தார். "முடிவாகட்டும். நான் இங்கதான் இருக்கேன்." கையை நீட்டி நீட்டிக் காட்டி, "இந்த மூலையில கட்டில். அந்த மூலையில அடுப்பு. உங்க தையல் மிஷினை ஜன்னல் பக்கம் போட்டா வெளிச்சம் வரும். எனக்கு இது போதுங்க. வாடகை வீட்ல இதுகூட நம்மது இல்ல" என்றார்.

தையல்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார். ஜன்னல் வரவேண்டிய இடம் வழியாக வெளியே பார்த்தார். "இத கட்ட முடியாதுன்னு சொல்லல. ஒத்த ரூமைக் கட்டுவோம். நாளைக்குப் பெருசாக்கணும்னா இடிக்கணுமே. இடிக்கிறதுக்கா கட்டுறது?"

அவர் மனசில் இருந்த முடிச்சு அதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இத்தனை நாளாக அவர் வேறு என்னென்னவோ சொல்லிக்கொண்டிருந்தார்.

"எதுக்கு இடிக்கணும்?" என்றார் கொத்தனார் மாமா, பையைத் தோளிலிருந்து இறக்காமலே. "பல் விட்டுக் கட்டினா போச்சு."

"என்ன பல்லு?"

"சுவத்து ஓரத்துல ஒரு கல் வெளிய, ஒரு கல் உள்ள, ஒரு கல் வெளியன்னு நீட்டிக்கிட்டு நிக்கும். நாளைக்குப் புதுச் சுவர் வந்தா அந்தப் பல்லுக்குள்ள கோத்துக்கும். ஒட்டுப் போட்ட மாதிரியே இருக்காது."

தையல்காரர் நெற்றியைச் சுருக்கினார். பிறகு குனிந்து தன் சட்டையின் ஓரத்தைத் திருப்பி, உள்ளே மடித்துத் தைத்திருந்த துணியை விரலால் தடவினார்.

"சின்னப் பசங்களுக்குத் தைக்கும்போது உள்ள துணி மடிச்சு விடுவோம். வளந்தா பிரிச்சுவிட."

"அதேதாங்க."

"இத ஏன் யாரும் முன்னாடியே சொல்லல?"

அவர் அறையை அழிக்கச் சொல்லும்போதெல்லாம் அப்பா வெட்கத்தில் அழித்துக்கொண்டிருந்தாரே தவிர வாயைத் திறக்கவில்லை. பேச்சு அப்பாவுடைய வேலை, கட்டுவதுதான் கொத்தனாருடையது என்று இருவரும் நினைத்துக்கொண்டிருந்ததில் இது நடுவில் விழுந்து கிடந்திருக்கிறது.

"எந்தப் பக்கம் பல்லு விடணும்?" என்றார் மாமா.

"எல்லாப் பக்கமும்" என்றார் அந்த அம்மா.

தையல்காரர் எழுந்தார். "கட்டுங்கண்ணே. முதல்ல எங்கள வெளிய விடச் சொல்லுங்க."

நான் வாளியை வைத்துவிட்டு அவர் மனைவியைப் பார்த்தேன். அந்த அம்மா எழுந்து நேராக நடந்து வந்து, ஒரு இடத்தில் நின்று, "தெருவப் பாத்து. இங்க" என்றார். கால் கட்டைவிரலால் நானே அந்த இடத்தைத் துடைத்தேன். இருவரும் வெளியே வந்தார்கள். தபால்காரர் கைதட்டினார்.

கொத்தனார் மாமா பையை மிஷின் மேல் வைத்தார். "குண்டைக் குடுங்க."

"பஸ்ஸு?" என்றார் அப்பா.

"அது நாளைக்கும் வரும். ஒரு ரூம்தானே, முடிச்சிட்டுப் போறேன்."

அப்பா அந்தக் குண்டை உடனே கொடுக்கவில்லை. வேட்டி முனையில் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் கொடுத்தார். அந்த ஒரு அறையை அப்பா எவ்வளவு நாள் இழுப்பார் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மாமாவுக்கும் தெரிந்திருக்கும். அன்று ராத்திரி எங்களுக்கு உட்கார நாற்காலி வீடு திரும்பியிருந்தது. ஆனால் அப்பா உட்காரவே இல்லை.

அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டி முடித்த மறுநாள் காலையில், மிஷினைத் தள்ளிக்கொண்டு போய் மனையில் நிறுத்தி, அந்த வருஷத்தில் முதல் தடவையாக நிஜமான மணலையும் சிமென்டையும் ஜல்லியையும் கொட்டி ஓடவிட்டோம். வழக்கமான கடகட சத்தம் இல்லை. கனமாக, வாய் நிறைய வைத்துக்கொண்டு மெல்லுகிற மாதிரி ஒரு சத்தம்.

தபால்காரர் தூக்கக் கலக்கத்தோடு வாசலுக்கு ஓடி வந்தார்.

"என்னாச்சு? மிஷின் ரிப்பேரா?" என்றார். "சத்தம் ஒரு மாதிரி வருதே."