மலாயாச் செடிக்குப் போட்ட எரு

எருவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் நான் இரண்டாம் வகுப்பைத் தாண்டியவன் இல்லை; அந்த இரண்டையும் ஒழுங்காகப் படித்தேன் என்றும் சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்குக் கொல்லிமலையில் என் மிளகுக்கொடி நிற்கிற நிற்பைப் பார்த்துவிட்டு, விவசாய ஆபீசில் இருந்து வருகிற பையன்களே, "என்னங்க போடறீங்க?" என்று கேட்கிறார்கள். "மூளையைப் போடறேன் சாமி" என்பேன். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்துச் சிரிப்பார்கள். இந்த மலையில் யாரும் கண்ணால் கண்டிராத ஒரு மரத்துக்கு, இடுப்பில் கோவணம் நிற்காத வயதில் எரு சுமந்தவன் நான் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அது வெள்ளைக்காரன் ஆண்ட காலம். மலைக்கு ரோடு ஏது? காரவள்ளியில் இருந்து காட்டு வழியாக மூச்சு வாங்க ஏறித்தான் வரவேண்டும். அப்படி ஏறி வந்தார் ஒரு நாள் என் தாய்மாமன், மலாயாவில் ரப்பர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு. மலாயாவுக்குப் போனவர்கள் டிரங்குப் பெட்டி கொண்டு வருவார்கள், குடை கொண்டு வருவார்கள். மாமன் கொண்டு வந்தது ஒரு பிஸ்கட் டின். டின்னுக்குள் மண். மண்ணுக்குள் விரல் நீளத்துக்கு ஒரு செடி. கப்பலில் குடிக்கக் கொடுத்த தண்ணீரில் பாதியை அதற்கு ஊற்றினாராம். மங்குஸ்தான் என்றார்.

"தோலு கத்திரிக்காய் நெறம். உடைச்சா உள்ளே பூண்டுப்பல்லு மாதிரி வெள்ளை வெளேர்னு சுளை. வாயில வெச்சாத் தன்னாலே கரைஞ்சுரும்" என்று மாமன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்.

"பூண்டுப்பல்லு மாதிரி இருக்கறதுக்கு எதுக்குக் கப்பலேறிப் போகோணும்? சந்தைக்குப் போனாப் போதாதா?" என்றாள் அம்மா.

எங்கள் வீட்டுக்குப் பின்னால்தான் அதை நட்டார். எங்கள் மலையில் பலாக்கொட்டையைத் துப்பிவிட்டுத் திரும்பிப் பார்ப்பதற்குள் முளைத்துவிடும். இந்தச் செடியோ வருஷத்துக்கு ஒரு ஜோடி இலை விடும். விட்டுவிட்டு, பெரிய காரியம் செய்தது போல ஓய்வெடுத்துக்கொள்ளும். சில வருஷம் கழித்தும் மாமனின் முழங்காலைத்தான் தொட்டது.

அதற்குள் மாமனுக்குக் கல்யாண ஆசை வந்துவிட்டது. ஆசைப்பட்டது என் பெரியப்பா மகள் மேல். அக்காவுக்குச் சிவந்த மேனி, சுருக்கென்ற பேச்சு. பெரியப்பா ஊர் குண்டனி நாட்டில் இருந்தது; பல ஊர் சேர்ந்ததை எங்கள் மலையில் நாடு என்போம். எங்கள் ஊரில் இருந்து ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் வந்துவிடும். ஆனால் பெரியப்பாவை அப்படிச் சுலபமாக ஏறிவிட முடியாது. அப்பா வெற்றிலை பாக்கோடு பெண் கேட்கப் போனபோது, கூடப் போன மாமனை அவர் மேலும் கீழும் பார்த்தார்.

"ஏனப்பா மலாயா, கடல் தாண்டிப் போன காலு சும்மா இருக்குமா? நாளைக்கு மறுபடியும் கெளம்பீட்டா என்ற புள்ளை என்ன பண்ணுவா?"

"இனி எங்கீங்க மாமா போகப்போறேன்? அந்தச் செடி மாதிரி இங்கயே நிப்பனுங்க."

"அதுவா? ஆடு தும்முனா விழுந்துருமே அது!"

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்த சந்தோஷத்தில் பெரியப்பா வாயை விட்டார். "சரி, இப்படி வெச்சுக்கலாம். வர்ற ஆடிப் பதினெட்டுக்குள்ள அந்தச் செடி என்ற புள்ளை தோளுக்கு வரட்டும். பொண்ணை உனக்குத் தாரேன். வரலீன்னா திண்ணனூர் நாட்டுக்காரருக்குச் சரின்னு சொல்லீருவேன்."

திண்ணனூர் நாட்டுக்காரரிடம் மாடு நிறைய இருந்தது; பல் குறைவாக இருந்தது. முதல் தாரம் தவறியவர். பெரியப்பா ஒன்று சொன்னால் சொன்னதுதான், அதை ஊரே அறியும். மாமன் வீட்டுக்கு வந்து செடி முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு கூடையைக் கையில் கொடுத்தார்.

எங்கள் மலையில் எரு என்றால் ஆட்டுப்பட்டிதான். ராத்திரிக்கு ஆடுகளைத் தட்டி கட்டிக் காட்டிலேயே அடைத்து, தட்டியை இடம் மாற்றி மாற்றிப் போட்டால் காடு முழுக்கப் புழுக்கை விழும். அதில்தான் சாமை விளையும். எங்களிடம் இருந்தவை நாலு எலும்பு ஆடுகள். பெரியப்பாவிடம் பெரிய மந்தை. பட்டியைக் கூட்டுவது அக்காவின் வேலை. ஆகவே நான் கூடையோடு பள்ளம் இறங்கி ஏறினேன்.

"வா கண்ணு" என்பாள் அக்கா. "காஞ்ச புழுக்கையாத் தனியாப் பொறுக்கி வெச்சிருக்கேன். ஒரு கல்லு இருக்காது, ஒரு தூசி இருக்காது. உன்ற மாமங்கிட்ட மறக்காமச் சொல்லு."

நான் மறக்காமல் சொல்வேன். மாமன் கூடையை இரண்டு கையாலும் வாங்குவார்.

"ஆரு அள்ளிப் போட்டா?"

"அக்கா."

"முறத்துலயா, கையிலயா?"

"கையிலதான் மாமா."

உடனே ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் வைத்து, கோயில் பிரசாதம் போலப் பார்த்துக்கொண்டிருப்பார். வேறு யாரையும் அந்தக் கூடையைத் தொட விடமாட்டார். எங்கள் மாமனுக்கு ஆட்டுப்புழுக்கை என்றால் உயிர் என்று நான் கூட்டாளிகளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

விதைப்புக் காலத்தில் பெரியப்பாவுக்குச் சந்தேகம் தட்டியது. "ஏம்புள்ளை, ஆடு நல்லாத்தானே மேயுது? புழுக்கையெல்லாம் எங்கதான் போகுது?"

"மழையில கரைஞ்சிருக்குமுங்கப்பா."

"மழையே இன்னும் பேயலியே!"

அந்த நேரம் பார்த்தா நான் காலிக்கூடையோடு போய் நிற்க வேண்டும்! பெரியப்பா என் காதைப் பிடித்துத் திருகினார். அதோடு அந்த வழி அடைபட்டது.

மாமன் சளைக்கவில்லை. கருவாட்டுத்தூள் போட்டால் எலுமிச்சை தாவி வளரும் என்று காரவள்ளியில் யாரோ சொன்னார்களாம். கீழே இறங்கிப் போய், விற்காமல் கெட்டுப்போன கருவாட்டை ஒரு மூட்டை கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினார். மூட்டை வருவதற்கு முன்னால் வாடை வந்தது. மூட்டைக்குப் பின்னால், வழியில் இருந்த நாய்கள் எல்லாம் கல்யாண ஊர்வலம் மாதிரி வந்தன.

"ஏண்டா தம்பி, இந்த நாத்தத்தோட போனா உனக்குப் பொண்ணு குடுக்கறவன் திரும்பிக்கூடப் பாப்பானா?" என்று அம்மா முந்தானையால் மூக்கைப் பிடித்துக்கொண்டாள்.

புதைத்த மறுநாளே நாய்கள் தோண்டிவிட்டன. செடி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாமன் அதை நிமிர்த்தி, முள் அடைத்து, வாடை தெரியாமல் இருக்க மேலே மண் போட்டார். மண்ணுக்கு மேல் சாம்பல், சாம்பலுக்கு மேல் காட்டுத்தழை, தழைக்கு மேல் எங்கள் எலும்பு ஆடுகளின் புழுக்கை. தினமும் விடிந்ததும் ஒரு கூடை.

கொஞ்ச நாளில் ஊரே வந்து பார்க்கிற அதிசயம் ஒன்று நடந்தது. செடி குட்டையாகிக்கொண்டே வந்தது. நன்றாகத்தான் இருந்தது, இலை பளபளவென்று இருந்தது, ஆனால் ஒவ்வொரு வாரமும் போன வாரத்தைவிடக் குள்ளம்.

"மலாயாவுக்கே திரும்பிப் போகுதப்பா, பூமிக்குள்ள பூந்து" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மாமன் சோறு இறங்காமல் கிடந்தார். கடைசியில் அப்பா கொடுவாளை எடுத்தார். காய்க்காத பலாவை மிரட்டுவது எங்கள் வழக்கம். ஒருவர் வெட்டப் போவார். இன்னொருவர் கையைப் பிடித்து, "இந்த ஒரு வருஷம் விட்டுருங்க, இனி ஒழுங்கா இருக்கும்" என்று மரத்துக்காகக் கெஞ்சுவார். மரம் பயந்து காய்க்கும். அப்பா வாளை ஓங்க, மாமன் கெஞ்ச ஆரம்பித்தார். கெஞ்சினவர் வழக்கத்துக்கு மேலே போய் அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு நிஜமாகவே அழுதுவிட்டார். அப்பா வாளைக் கீழே போட்டுவிட்டார். செடி எதற்கும் அசையவில்லை.

எல்லோரும் போன பிறகு நான் மட்டும் அங்கே நின்றேன். எருக்குவியல் மேல் ஏறிப் பார்த்தேன்; செடி என் முழங்காலுக்கு இருந்தது. கீழே இறங்கிப் பார்த்தேன்; என் இடுப்புக்கு இருந்தது. மறுபடி ஏறினேன், இறங்கினேன். செடி இறங்கவில்லை, எருதான் ஏறியிருக்கிறது! இத்தனை பெரியவர்கள் வந்து பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போன இடத்தில் அதைக் கண்டுபிடித்தவன் நான் ஒருவன். மூளை என்று நான் சொல்வது இதைத்தான்.

மாமன் என்னைத் தூக்கிச் சுற்றினார். ஆடிப் பதினெட்டுக்குள் நாங்கள் இரண்டு பேருமாக அந்த மலையைத் தோண்டி அப்புறப்படுத்தினோம். செடி முழுசாக வெளியே வந்தது. ஆனால் என் இடுப்பு உயரம் என்பது வளர்ந்த பெண்ணுக்கு முழங்காலுக்குச் சற்று மேலேதான். அதை மாமன் என்னிடம் சொல்லவில்லை. மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சும்மா நின்றார்.

ஆடிப் பதினெட்டும் வந்தது. கோயிலுக்குப் போகிற வழியில் பெரியப்பா, அக்கா, ஊர்க்கவுண்டர் எல்லோரும் வந்தார்கள். திண்ணனூர் நாட்டுக்காரரும் புதுத்துண்டோடு வந்திருந்தார். பின்கட்டில் கூட்டம்.

"போ சாமி, பக்கத்துல போய் நில்லு" என்றார் பெரியப்பா.

அக்கா போய் நின்றாள். செடி அவள் முழங்காலைக் கொஞ்சம் தாண்டி நின்றது. திண்ணனூர் நாட்டுக்காரர் இருக்கிற பல்லையெல்லாம் காட்டினார். மாமன் தரையைப் பார்த்தார்.

அக்கா செடியைப் பார்த்தாள். மாமனைப் பார்த்தாள். பிறகு சேலையை ஒதுக்கிக்கொண்டு, ஈரமும் கருவாட்டு வாடையுமாகக் கிடந்த அந்த எருமண்ணிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மேல் இலை அவள் தோளில் உரசியது.

"தோளுக்கு வந்துருச்சுங்கப்பா."

எனக்கு வந்ததே கோபம்! அளவு பார்ப்பதில் நான் கறார். "எந்திரிச்சு நில்லுக்கா! முழங்காலைத்தான் தாண்டுது!" என்று கத்தினேன். அம்மா என் வாயைப் பொத்தினாள்.

"எருவுல உக்காராதே, எந்திரி கழுதை" என்றார் பெரியப்பா.

"நீங்க சொல்லுங்க. அப்புறம் எந்திரிக்கறேன்."

ஊர்க்கவுண்டர் தொண்டையைக் கனைத்தார். "தோளுன்னுதானுங்களே சொன்னீங்க. நிக்கோணும்னு சொன்ன ஞாபகம் இல்லீங்களே."

பெரியப்பா மகளையே பார்த்துக்கொண்டிருந்தார். மீசை துடித்தது. அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் கண்ணில் தண்ணீர் நின்றது. "என்ற பட்டி எருவைத் தின்னு வளந்த செடி, வேற எப்படி இருக்கும்?" என்றார். "தாரேன். எந்திரி."

அப்போதும் அக்கா உடனே எழுந்திருக்கவில்லை. முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். எனக்கு அப்போதுதான் விளங்கியது. பள்ளத்தில் இறங்கி ஏறி வந்தவளுக்குக் கால் கடுத்துப்போய்விட்டது. அதனால்தான் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். இத்தனை பேர் இருந்தும் அதைக் கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவமாக இருந்தது. ஓடிப்போய் ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினேன்.

"கால் ரொம்ப வலிக்குதாக்கா?"

அக்கா ஒரு வாய் குடித்தாள். அதற்குள் சிரிப்பு வந்து புரையேறிவிட்டது. மாமன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்க நின்றார். கருவாட்டு நாற்றம் அவருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது என்று நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.