மூணாம் நம்பர் வண்டி கடிக்கிறது

சுவரில் அடித்த ஒயரிங் இருபது வருஷம் கிடக்கும். சக்கரத்தின் மேல் அடித்த ஒயரிங் ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவைக்கூடத் தாங்காது.

எனக்கு வீடு அடிவாரத்தில். வேலை மேலே. கொட்டச்சேடு பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டுக்குள் நாலு கேரவனை நிறுத்தி, சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார்கள். தானாக ஓடுகிற வண்டி அல்ல. ஜீப்பில் மாட்டி இழுத்து வந்த தகரப் பெட்டி. உள்ளே கட்டில், அடுப்பு, கக்கூஸ், கெய்சர் எல்லாம் உண்டு. அதில் கரண்டு இணைப்பைப் பார்ப்பது என் பாடு. ஒயர் பிடித்துப் பிழைக்கிற உங்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். மற்றவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள்.

திருகாணி

வண்டிகள் முதலில் மேலே வந்து சேர்ந்த அன்று ஒவ்வொரு பிளக் பாயிண்டையும் கழற்றிப் பார்த்தேன். ஒரு திருகாணிகூட இறுக்கமாக இல்லை. ஒயர் முனையெல்லாம், பஸ்ஸில் தூங்குகிறவன் பக்கத்து ஆளின் தோளில் சாய்வதுபோலச் சும்மா சாய்ந்து கிடந்தது. நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக முறுக்கினேன். இடுப்பு போயிற்று.

இழுத்து வந்த ஜீப் டிரைவர் பீடியோடு நின்று வேடிக்கை பார்த்தார். வளைவில் கொஞ்சம் மெதுவாகத் திருப்பினால் என்ன என்று கேட்டேன். அவர் சொன்னார்: "என்ற ஜீப்புல ஆட்டம் இருக்குதான்னு வந்து பாருங்க. பின்னால வர்றது ஆடுனா நான் என்னங்க பண்றது?"

இயற்கை

கோடை சீசனில் ஒரு குடும்பம் வந்தது. சென்னை. ஒரே பிளக்கில் இண்டக்‌ஷன் அடுப்பு, மிக்சி, இஸ்திரிப் பெட்டி மூன்றையும் மாட்டினார்கள். பிளக் உருகி, கருகின நாற்றம் அடித்தது. என்னைக் கூப்பிட்டார்கள். இது மரத்தடியில் நிற்கிற வண்டி, கல்யாண மண்டபம் இல்லை என்றேன். அந்த அம்மா தேங்காய்ச் சில்லைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "இயற்கையோட ரெண்டு நாள் இருக்கலாம்னுதான் சார் வந்தோம், சட்னி இல்லாம எப்படி இருக்கிறது?"

விழுகிற சுவிட்ச்

ஒவ்வொரு வண்டியிலும் ஒரு காவல் சுவிட்ச் உண்டு. கரண்டு எங்கே கசிந்தாலும் தானாக விழுந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடும். எங்கள் மலையில் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டுப் போகும். ஈரம் கண்டதும் சுவிட்ச் விழும். விழத்தான் அதை வைத்தது.

இடத்தைப் பார்த்துக்கொள்கிற மேனேஜர் சேலத்துக்காரர், முப்பது வயது. ஒருநாள் பெட்டியைத் திறந்தால், காவல் சுவிட்சை விட்டுவிட்டு நேராக ஒரு ஒயர் ஓடுகிறது. யார் வேலை என்றேன். தான்தான் ஆள் வைத்துச் செய்ததாகச் சொன்னார். பிடுங்கிப் போட்டு, பழையபடி மாட்டி, வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "ஐயா, ஷாக் அடிச்சா ஒரு நாள் பிரச்சினை. சுடுதண்ணி வரலைன்னா தெனமும் பிரச்சினைங்க."

மூணாம் நம்பர்

வெள்ளச்சி அங்கே வண்டிகளைக் கூட்டித் துடைக்கிறவள். பக்கத்து மலையூர்க்காரி, நாற்பது வயது இருக்கும். அவள் ஒருநாள் மேனேஜரிடம் போய், மூணாம் நம்பர் வண்டி கடிக்கிறது என்றாள். ஏறும்போது விரலில் சுருக்கென்று இழுக்கிறதாம். மற்ற மூன்றும் சும்மா இருக்கின்றன, இது மட்டும்தான்.

போனேன். உள்ளே ஏறி நின்று டெஸ்டரைச் சுவரில் வைத்தேன். குழாயில் வைத்தேன். கதவில் வைத்தேன். எரியவில்லை. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த வாரமும் கூப்பிட்டார்கள். அதே டெஸ்டர், அதே பதில். தங்கியவர்கள் யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை எனக்கே எரிச்சல். "ஏம்மா, வேலைக்குச் சோம்பல்னா சொல்லிட்டுப் போ, என்னைய எதுக்கு மலை ஏத்தறே?" என்று கேட்டேன். வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

இன்று சாயங்காலத்துக்குள் மூணாம் நம்பரைத் துடைக்காவிட்டால் நாளையிலிருந்து வர வேண்டாம் என்று மேனேஜர் அவளிடம் சொன்னார். காப்பிப் பழம் பறிக்கிற சீசன் வரும்வரை அவளுக்கு வேறு வேலை கிடையாது. அது அவருக்கும் தெரியும். "ஐயாவே மூணு தடவ பாத்து ஒண்ணுமில்லைன்னுட்டாரு. உன்னைய மட்டும் எப்படிம்மா தேடிப் புடிச்சுக் கடிக்கும்?"

பஸ்

பஸ் ஏறிக் கீழே வந்தேன். மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. மலை மேல் தூறல் போட ஆரம்பித்திருந்தது. வீட்டு வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினேன். தடி ரப்பர் அடி போட்ட பூட்ஸ். ஒன்றைக் கழற்றினேன், இன்னொன்று காலிலேயே இருந்தது.

மூன்று தடவை போனபோதும் மூணாம் நம்பர் படியடியில் ஒரு ஜோடி செருப்பு கிடந்தது. வெள்ளச்சியுடையது. அவள் செருப்பை விட்டுவிட்டு, ஈர மண்ணில் வெறுங்காலோடு நின்று கதவைப் பிடிக்கிறாள். தங்க வருகிறவன் ஷூவோடு ஏறுகிறான். மேனேஜரும் ஷூ. நான் பூட்ஸ், அதுவும் உள்ளே நின்றுகொண்டு பார்க்கிறேன். தகரம் முழுக்கக் கரண்டு ஏறியிருந்தால், உள்ளே நிற்கிறவனுக்கு டெஸ்டர் எப்படி எரியும்? சக்கரம் ரப்பர். கரண்டு மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் நின்றுகொண்டிருக்கிறது. மண்ணில் வெறுங்கால் வைத்துத் தொடுகிற ஆள்தான் அதற்கு வழி.

போன் போட்டேன். எஸ்டேட்டுக்குள் சிக்னல் கிடையாது. மலைக்குப் போகிற அடுத்த பஸ்ஸில் ஏறினேன். சீட் காலியாக இருந்தது, உட்கார முடியவில்லை. ஆறாவது வளைவில் லாரிக்கு வழி விட்டு நின்றார்கள். வெளியே மழை கனத்தது. கண்டக்டர் தினமும் பார்க்கிற ஆள். "காத்தால ஏறுனீங்க, மத்தியானம் எறங்குனீங்க, இப்ப மறுக்காவும் ஏறுறீங்க. ஏனுங்க, ஊட்டுல சேத்திக்கலீங்களா?"

ஈரம்

ஏற்காட்டிலிருந்து ஆட்டோ. எஸ்டேட் கேட்டிலிருந்து ஓட்டமும் நடையும். மூணாம் நம்பர் படியடியில் செருப்பு கிடந்தது. ஆளைக் காணோம். அப்புறம்தான் உள்ளே துடைப்பம் உரசுகிற சத்தம் கேட்டது.

"வெள்ளச்சி, அங்கேயே நில்லு. கீழ கால் வைக்காதே" என்றேன். பூட்ஸைக் கழற்றி எறிந்துவிட்டுச் சேற்றில் நின்று, டெஸ்டரைத் தகரத்தில் வைத்தேன். சிவப்பாக எரிந்தது. மேனேஜர் குடையோடு வந்தார். "ஷூவைக் கழட்டிட்டு நீங்களும் தொட்டுப் பாருங்க தம்பி" என்றேன். அவர் இரண்டு அடி பின்னால் போனார்.

மெயினைப் பிடுங்கிவிட்டுத் திறந்தேன். கெய்சர் காயில் வெடித்து, கரண்டு தகரத்துக்குக் கசிகிறது. போன மாசம் இந்த வண்டியை மட்டும் பெயிண்ட் அடிக்கக் கீழே கொண்டுபோய்த் திரும்ப இழுத்து வந்ததில், கசிகிற கரண்டை மண்ணுக்கு இறக்க வேண்டிய எர்த் ஒயர் திருகாணியை விட்டு வெளியே வந்திருந்தது. காவல் சுவிட்சுக்கு மறுபடியும் குறுக்கே ஒயர். அது மேனேஜர் தப்பு. டெஸ்டர் எரியவில்லை என்ற திமிரில் மூடியைத் திறக்காமல் மூன்று தடவை திரும்பிப் போனது என் தப்பு.

எப்படி ஏறினாய் என்று வெள்ளச்சியைக் கேட்டேன். "எதையும் புடிக்காம, ரெண்டு காலயும் சேத்து ஒரே தாவாத் தாவிட்டேனுங்க. ஒரு கால் மண்ணுல, ஒரு கால் வண்டியிலன்னாத்தான் கடிக்குது. உள்ளார போயிட்டா சும்மா இருக்குதுங்க." நான் வீட்டு வாசல்வரை போய் யோசித்ததை அவள் எப்போதோ கண்டுபிடித்திருந்தாள். செருப்போடு ஏறியிருந்தால் இந்த வம்பே இல்லையே என்றேன். "நாலு பேரு படுத்து எந்திரிக்கிற எடம், ஊடு மாதிரி. செருப்போட எப்படிங்க ஏறுறது?"

மேனேஜர், நாளைக்கு வழக்கம்போல வந்துவிடம்மா என்றார். அவள் என் பக்கம் திரும்பினாள். சேற்றில் நிற்கிற என் காலைப் பார்த்தாள்.

"மூணு தடவ வந்தீங்களே, என்ன கடிக்குதுன்னு டெஸ்டரத்தான கேட்டீங்க. என்னைய ஒருக்காவாச்சும் கேட்டீங்களாங்க?"

இப்போதெல்லாம் எந்த வண்டிக்குப் போனாலும் முதலில் துடைக்கிறவளை விசாரித்து, பிறகு வெறுங்காலோடு ஈரத்தில் நின்றுதான் டெஸ்டரை எடுக்கிறேன், அதனால் வருஷம் முழுக்க எனக்குச் சளி.