முட்டைத் தட்டில் வந்த மெழுகுச் சில்லு

அவர் நாமக்கல்லில் முட்டை லாரி ஓட்டுபவர். மகளின் தொடையில் வந்த கட்டியிலிருந்து மருத்துவமனையில் எடுத்த சதைத்துணுக்கை மெழுகுச் சில்லொன்றில் பதித்துக் கொடுத்திருந்தார்கள். அதை முட்டைத் தட்டின் குழியில் பஞ்சு பொதிந்து வைத்து, சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் பணிபுரிந்த பரிசோதனைக்கூடத்துக்குக் கொண்டுவந்தார். மேசையில் வைக்குமுன் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒரு கணம் பார்த்தார். கெட்ட முட்டையை அப்படித்தான் கண்டுபிடிப்பார்களாம்.

குழந்தைகளுக்கு வரும் தசைப் புற்றில் முக்கியமாக இரண்டு வகை. அவளுடையது எதுவென்று நுண்ணோக்கியில் பிடிபடவில்லை. செல்லுக்குள் எந்தெந்த மரபணுக்கள் விழித்து வேலை செய்கின்றன என்று பார்த்தால் தெரியும். சிகிச்சையும் அதைப் பொறுத்ததே.

பத்து நாள் ஆகும் என்றேன். மூன்றாம் நாளே வந்து, வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தார்.

“செத்த உக்காருங்க, தரை தேஞ்சு போயிரும்” என்றேன்.

“ஸ்டியரிங் இல்லாம உக்காந்தா கை பரபரங்குதுங்க. ஏனுங்க மேடம், ரெண்டுல ஒண்ணு லேசானதாமா?”

“ஆமாங்க. அதோட பேரு…”

“சொல்லிப்போடாதீங்க! பேரு தெரிஞ்சா அதையே வேண்டிக்கிட்டுக் கெடப்பேன். மத்தது வந்துருச்சுன்னா பாப்பா மூஞ்சிய எப்படிங்க பாப்பேன்?”

பத்தாம் நாள் அறிக்கையை உறையிலிட்டு ஒட்டியவள் நான்தான். லேசான வகை. ஆனால் அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்பது எங்கள் விதி. லாரிக்காரர் குனிந்த தலை நிமிராமல் உறையை வாங்கிக்கொண்டு, “வாரேனுங்க” என்று படியிறங்கினார். மருத்துவமனை வரைக்குமான அந்த வழியை எப்படிக் கடந்தாரோ! ஒரே ஒருமுறை என்னை நிமிர்ந்து பார்த்திருந்தால், விதியை மீறி என் முகமே சொல்லியிருக்கும்.