எல்லோருக்கும் நூறு பர்சென்ட்

இந்த ஊரில் ஒருவர் அரசியலில் எந்தப் பக்கம் என்பதை அவர் வீட்டுப் புல்தரையே சொல்லிவிடும். இரண்டு கம்பியை நட்டு, ஒரு பலகையைச் செருகி வைத்துவிடுகிறார்கள். பக்கத்து வீட்டில் எதிர்ப்பலகை இருக்கும். காலையில் இருவரும் குப்பைத்தொட்டியை உருட்டிக்கொண்டு வந்து குட்மார்னிங் சொல்லிக்கொள்வார்கள். டெக்ஸாஸில், ஆஸ்டின் பக்கமுள்ள இந்த ரவுண்ட் ராக்குக்கு வந்த புதிதில், இத்தனை வீடும் விற்பனைக்கு வந்துவிட்டதா என்று நினைத்தேன். நம் பக்கம் அடுத்தவன் சுவரில் எழுதுவோம். சொந்த மனசை வாசலில் நட்டு வைக்க யாருக்குத் துணிச்சல்?

நான் அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் வைத்தவன். பரமக்குடி பஸ் ஸ்டாண்டில் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் வெந்தவன். இன்று கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் என் பிரியாணிக்கு வரிசையில் நிற்கிறார்கள். ரவுண்ட் ராக்கில் ஒரு கடை, பிளானோவில் ஒரு கடை. பட்டம் வாங்கியவர்கள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே கிடையாது. கூச்சம் வேறொரு இடத்தில் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஊரில் என் கடைக்கு எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். யார் வந்தாலும், "நம்ம ஓட்டு ஒங்களுக்குத்தாண்ணே" என்பேன். அது ஒரு மரியாதை. சால்னா இன்னொரு கரண்டி ஊற்றுவது மாதிரி. கேட்கிறவருக்கும் தெரியும், சொல்கிற எனக்கும் தெரியும், அதை யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. பாய் கடை நடுவில்தான் நிற்க வேண்டும். ஒரு கலவரத்தில் தெருவே அடைத்துக் கிடந்தபோதும் என் கண்ணாடிப் பெட்டியில் கீறல் விழவில்லை. அந்தச் சாமர்த்தியத்தைத்தான் பெட்டியோடு பெட்டியாக அமெரிக்காவுக்கும் கொண்டுவந்தேன்.

வெய்ன் என்று ஒரு வெள்ளைக்காரப் பெரியவர். மட்டன் பிரியாணியைக் காரம் கூட்டிக் கேட்டு, மூக்கைத் துடைத்துத் துடைத்துச் சாப்பிடுவார். டெக்ஸாஸ் தனி நாடாக வேண்டுமா என்று ஜனங்களிடம் ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லும் கூட்டத்தில் அவர் முக்கியப்பட்டவர். கடை வாசலில் பலகை வைக்கலாமா, எனக்கும் சம்மதமா என்று கேட்டார். "ஹண்ட்ரட் பர்சென்ட் சார்" என்றேன். மறுவாரம் லிண்டா என்று ஓய்வுபெற்ற டீச்சர், பிரியவே கூடாது என்கிற பலகையோடு வந்தார். அவருக்கும் ஹண்ட்ரட் பர்சென்ட். கடை முன்னால் இரண்டு பலகையும் மாமியார் மருமகள் மாதிரி முகம் திருப்பி நின்றன.

கடைக்குள்ளும் இதே பேச்சுதான். "தனி நாடானா என் கிரீன் கார்டு என்னாகும் பாய்? மறுபடி மொதல்லேர்ந்து அப்ளை பண்ணணுமா?" என்று ஒரு தம்பி புலம்பினான். "வாஷிங்டனுக்கு டாக்ஸ் கட்ட வேணாம்ல, நல்லதுதான்" என்றான் எதிரே இருந்தவன். அதற்குப் பிறகு அவர்கள் சேர்ந்து சாப்பிட வருவதில்லை. என் வீட்டுக்காரியோ, "அப்ப நியூ ஜெர்சில இருக்க புள்ளையப் பாக்க நம்ம விசா எடுக்கணுமாங்க?" என்று கேட்டாள். சிரித்து மழுப்பினேன்.

அந்தச் சமயத்தில்தான் கிருபா ஒரு நோட்டீஸ் கொண்டுவந்தார். கிருபா யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே கணக்காளர். சனிக்கிழமை தவறாமல் வருவார், என்னை 'அண்ணை' என்பார். இலங்கையில் தமிழர்கள் தனியாக இருக்க விரும்புகிறார்களா, சேர்ந்திருக்க விரும்புகிறார்களா என்று அவர்களிடமே ஓட்டெடுப்பு நடத்தச் சொல்லி அவர் வீட்டில் ஒரு கூட்டம்; அதற்கான அழைப்பு. "கண்ணாடிக் கதவில ஒட்டலாமோ அண்ணை?" என்றார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "இது நம்ம விஷயம்ல? நூறு பர்சென்ட்" என்றேன். அவர் கார் கிளம்பியதும் அதை மடித்து அரிசி மூட்டைக்குப் பின்னால் போட்டேன். எவனாவது போட்டோ எடுத்துப் போட்டால், பாய்க்கு இலங்கை விவகாரத்தில் என்ன வேலை என்று கேட்பானே என்ற பயம். கிருபா அடுத்த சனிக்கிழமை வந்தார், வெறும் கதவைப் பார்த்தார், வழக்கமான பார்சலை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு வெய்ன் தன் கூட்டத்துக்குப் பிரியாணி ஆர்டர் கொடுத்தார். பரிமாறிவிட்டு நின்ற என்னை மேடைக்குக் கூப்பிட்டார். மைக்கைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது. "வெறும் கையோடு வந்தேன். டெக்ஸாஸ் என்னை ஆளாக்கியது. டெக்ஸாஸ் தனியாக நிற்கும், நானும் கூட நிற்பேன்" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் முழங்கினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். மறுநாள் அந்த வீடியோ ஆஸ்டின் தமிழர்களின் வாட்ஸப் முழுக்க ஓடியது. "பாய்தான் புது நாட்டுக்கு உணவு மந்திரி" என்று எழுதியிருந்தான் ஒருத்தன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, சனிக்கிழமை வரை.

பார்சல் வாங்கிக்கொண்டு கிருபா சொன்னார்: "வீடியோ பாத்தனான் அண்ணை. நல்லாத்தான் கதைச்சனீங்கள்."

"அது சும்மா கிருபா. யாவாரத்துக்கு."

"எனக்குச் சொன்னதும் யாவாரத்துக்கோ?"

நான் கல்லாவைப் பார்த்தேன்.

"கோவமில்லை. ஒண்டு மட்டும் கேக்கிறன். உங்கட மனசில உண்மையா என்ன இருக்கு?"

மறைக்கவில்லை; மனசுக்குள் தேடிப் பார்த்தேன், ஒன்றும் இல்லை. இத்தனை வயசில் எல்லோருக்கும் சம்மதம் சொல்லிச் சொல்லி, எனக்கென்று ஒரு சம்மதம் வைத்துக்கொள்ள மறந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை வெய்னிடம் பலகையை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். அன்றைக்குச் சொன்னது மரியாதைக்கு என்றேன். அவருக்குப் புரியவில்லை. "மேடையில் வாக்குக் கொடுத்தாயே. அப்படியானால் என்னிடம் பொய் சொன்னாயா?" என்றார். பொய் இல்லை, எங்கள் ஊரில் இப்படித்தான் என்று விளக்க விளக்க அவர் முகம் இன்னும் வாடியது. சண்டை போட்டிருந்தால் தேவலை. பலகையைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, காரில் வைத்துக்கொண்டு போனார். லிண்டாவின் பலகையை நானே எடுத்து வைத்தேன்.

மூட்டைக்குப் பின்னால் கிடந்த நோட்டீஸில் தேதி பார்த்து, ஞாயிற்றுக்கிழமை கிருபாவின் கூட்டத்துக்கு யாரும் மறுபடி கூப்பிடாமலே போனேன். இந்த ஒரு விஷயத்திலாவது, அந்த ஜனங்களைக் கேட்டுவிட வேண்டும் என்பது எனக்குள் உண்மையாகவே வந்திருந்தது. வண்டி ஓட்டும்போது அதை வாய்விட்டுச் சொல்லியும் பார்த்தேன். அவர் வீட்டுக் கார் ஷெட்டில் நாற்காலி போட்டிருந்தார்கள். மேலே ஏறும் பெரிய கதவு தெருவைப் பார்த்துத் திறந்திருந்தது. கிருபா என்னைப் பார்த்து, "வாங்கோ அண்ணை" என்று மட்டும் சொன்னார். சும்மா உட்கார முடியாமல், டீத் தட்டை நான் வாங்கிக்கொண்டேன்.

ஒரு அம்மா தன் ஊரைப் பற்றிப் பேசினார். பிரிந்தால் இன்னும் அழிவுதான் என்றார் ஒருவர். காரசாரமாகப் போனது. கடைசியில் கிருபா எழுந்தார். "என்ன முடிவெண்டாலும் எங்கட சனத்திட்ட ஒருக்காக் கேக்க வேணும். ஓமெண்டு நினைக்கிறவை கையை உயர்த்துங்கோ."

கைகள் உயர்ந்தன. பிரியக் கூடாது என்றவரும் உயர்த்தினார். கிருபாவின் பார்வை என் மேல் வந்து நின்றது. என் இரண்டு கையிலும் தட்டு. "அங்கிள், தட்டை இஞ்ச வையுங்கோவன்" என்று பக்கத்திலிருந்த பெண் ஸ்டூலை நகர்த்தினாள்.

அப்போது வெளியே நடைபாதையில் ஒரு வெள்ளைக்காரர் நாயோடு போனார். என் கடைக்கு வருகிறவர்தான். நின்று, உள்ளே பார்த்து, எனக்குக் கையாட்டினார். ஸ்டூல் என் முழங்காலைத் தொட்டுக்கொண்டிருந்தது. உயர்ந்த கைகளுக்கு முதுகைக் காட்டி நின்று, தட்டைக் கீழே வைக்காமல், நான் தெருவைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினேன்.