வாசல் மேசையிலிருந்து வந்த பட்டதாரி

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்கத்தா சால்ட் லேக் அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்தேன். நம் பழைய சகாக்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் வங்காளத்தில் மூன்றே சொற்கள் எழுதியிருந்தார்: "ஜெயாதி ஆர் நேய்." ஜெயாக்கா இனி இல்லை. மாரடைப்பு, வயது ஐம்பத்திரண்டு. கூட்டத்திலிருந்து எழுந்து, டாலிகஞ்சில் இருக்கும் அவர் வீட்டுக்கு வண்டி பிடித்தேன்.

நம்மோடு வேலை பார்த்தவர்களுக்கு ஜெயலட்சுமியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. பின்னால் வந்தவர்கள் அவரை மென்பொருள் சோதனைப் பிரிவில்தான் பார்த்திருப்பார்கள். அதற்கு முன் அவர் வரவேற்பு மேசையில் இருந்தார். தாத்தா காலத்தில் கல்கத்தா வந்த திருநெல்வேலிக் குடும்பம். வங்காளம் சரளமாகப் பேசுவார். தமிழ் மட்டும் திருநெல்வேலியை விட்டு நகரவே இல்லை.

நாற்பத்து மூன்று வயதில் ஒரு மதியச் சாப்பாட்டின்போது, தகவல் தொழில்நுட்பத்தில் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்திருப்பதாக என்னிடம் சொன்னார். தொலைநிலைக் கல்வி, மூன்று வருடம், ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. நான் உற்சாகப்படுத்தவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். "எதுக்குக்கா இவ்வளவு பெரிசா? ஆறு மாசத்துல முடியற கோர்ஸ் ஏதாவது பாருங்களேன்" என்றேன்.

"பதினோரு வருசமா எல்லாரும் என்னைத் தாண்டித்தான் உள்ள போறீங்க, வசந்தா. உள்ள என்னதான் நடக்குன்னு முழுசாப் பாக்கணும். எட்டிப் பாத்துட்டு வர எனக்கு இஷ்டமில்ல" என்றார்.

முதல் ஆண்டு கணிதத் தாளில் தோற்றார். மறுமுறையும் தோற்றார். நாமாக இருந்தால் மறைத்திருப்போம். அவர் மறைக்கவில்லை. காலையில் உள்ளே வருகிற ஒவ்வொருவரும் "ஜெயாதி, ரிசல்ட்?" என்று கேட்டார்கள். "ஃபெயில். திரும்ப எழுதுதேன். இங்க கையெழுத்துப் போடுங்க" என்று வருகைப் பதிவேட்டை நகர்த்துவார். மூன்றாம் முறை தேறியபோதும் அதே குரலில்தான் சொன்னார்: "பாஸ். கையெழுத்துப் போடுங்க."

கடைசி ஆண்டில் ஒரு செய்முறைத் திட்டம் செய்து காட்ட வேண்டும். படிப்பு மையத்துக்கு வெளியே அதை ஆயத்தமாக விற்க ஆட்கள் இருந்தார்கள். கூடப் படித்தவர்களில் பலர் வாங்கிவிட்டார்கள். ஜெயாக்கா நான்கு மாதம் உட்கார்ந்து தானே எழுதினார். அலுவலகத்துக்கு வரும் கூரியர் பொதிகளைப் பதிந்து, எது யாருடையது என்று தேடிச் சொல்லும் கணினி நிரல் அது.

அதற்கான வாய்மொழித் தேர்வு நாளில் நானும் துணைக்குப் போனேன். கணினிக்கூடத்தின் கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் இருந்தபடி எல்லாம் பார்த்தேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் பக்கங்களைப் புரட்டினார். ஜெயாக்காவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு வங்காளத்தில் கேட்டார்: "இதை யார் எழுதித் தந்தது?"

"நானேதான் எழுதினேன், சார்."

"காலையிலிருந்து எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்."

மூன்று வருட உழைப்பு அந்த ஒரு வாக்கியத்தில் போய்விடும் போலிருந்தது. ஜெயாக்கா கோபப்படவில்லை. "எந்தப் பகுதி என்று நீங்களே சொல்லுங்கள். அதை அழித்துவிட்டு உங்கள் எதிரில் எழுதுகிறேன்" என்றார்.

தேடும் பகுதியைக் காட்டினார் தேர்வாளர். ஜெயாக்கா அதை முழுதாக அழித்தார். முக்கால் மணி நேரம் தட்டினார். முதல் முறை ஓட்டியபோது பிழை வந்தது. நான் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். அவர் தலையைத் திருப்பவில்லை. "எங்க விட்டேன்... இந்தா இருக்கு" என்று தமிழில் தனக்குள் முணுமுணுத்துத் திருத்தினார். நிரல் ஓடியது.

தேர்வாளர் தன் பெயரிலேயே ஒரு பொதியைப் பதியச் சொன்னார். குடும்பப்பெயரை பந்தோபாத்யாய் என்று கொடுத்தார். பிறகு தானே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, பானர்ஜி என்று தட்டித் தேடினார். பொதி கிடைத்தது. அவர் ஜெயாக்காவின் பக்கம் திரும்பினார்.

"இரண்டும் ஒரே பெயர் என்று இதற்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்லிவைத்திருக்கிறேன், சார். கூரியர்க்காரர்கள் இரண்டு விதமாகவும் எழுதிக் கொண்டுவருவார்கள். பொதி ஒரு வாரம் கேட்பாரற்றுக் கிடக்கும். வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது."

தேர்வாளர் எழுந்து நின்று கை கூப்பினார். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

பட்டம் வந்த பிறகும் உடனே எதுவும் மாறிவிடவில்லை. புதியவர் என்றால் இருபத்திரண்டு வயது என்றே நிர்வாகம் நினைத்தது. ஏழு மாதம் அதே வரவேற்பு மேசையில் இருந்துகொண்டு, மாதம் ஒரு விண்ணப்பம் கொடுத்தார். கடைசியில் சோதனைப் பிரிவில் இடம் கிடைத்தது. முதல் நாள் அவர் உள்ளே நடந்து வந்தபோது, யாரும் சொல்லாமலே தளம் முழுதும் எழுந்து கை தட்டியது நினைவிருக்கிறதா? அவர் கூச்சத்துடன் "போதும், வேலையைப் பாருங்க" என்றார்.

அங்கே அவர் கண்டுபிடித்த பிழைகளில் ஒன்று என்னுடையது. வாடிக்கையாளருக்கு அனுப்ப ஒரு நாளே இருந்தது. அனுப்பியிருந்தால் பலருடைய விவரங்கள் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும். என் இடத்துக்கு வந்து மெதுவாகச் சொன்னார். நான் "அறிக்கையில என் பேரைப் போட்டுட்டீங்களா அக்கா?" என்று கேட்டேன்.

"தப்பு எங்க இருக்குன்னுதான் எழுதியிருக்கேன். யாருதுன்னு எதுக்கு எழுதணும்? நீ சரி பண்ணு, நான் திரும்பப் பாக்கேன்."

இருவரும் மாலைக்குள் அதை முடித்தோம். அது யாருடைய தப்பு என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

அவரோடு வேலை செய்தேன் என்று சொல்லிக்கொள்ள நம்மில் பலருக்கு உரிமை உண்டு. எனக்கு அதில் பெருமையும் உண்டு. இப்போது ஒரு குழுவுக்கு நான் பொறுப்பு. போன வாரம் ஒரு பெரிய பிழை அகப்பட்டது. மேலே அனுப்ப வேண்டிய அறிக்கையில், கோபத்தில், செய்தவருடைய பெயரை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். அனுப்புமுன் ஒருமுறை படித்தேன். அந்த வரியை அழித்துவிட்டு, அவர் மேசைக்கு நடந்து போனேன்.